குடிநீரைவிடச் சுத்தமான கழிவுநீர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, அக்காவிடமிருந்து எடுத்தது. கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பு ஆசிரியை “தெரிந்ததை எழுதுங்கள்” என்றார். என் நாட்குறிப்பை முறையாகப் புரட்டிப் பார்த்தேன். வகுப்புக்குப் போகும் பேருந்து தாமதமாக வரும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அக்காவுக்குக் கழிவுநீர் தெரியும். உருளைக்கிழங்கு வறுவல் தொழிற்சாலையில் அழுக்குத் தண்ணீரைச் சுத்திகரித்து ஓடையில் விடுவது அவள் வேலை. ஆகவே, இலக்கியம்.

2

தொடக்கம் ஒன்று: “ஓடை அழுதது.” (ஓடை அழாது, நாறும். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: “நிலவொளியில் அந்த வெண்ணிற நீர்…” (நிலவில் எப்படி இருக்கும் என்று அக்காவைக் கேட்டேன். “கழிவுத் தண்ணி மாதிரி இருக்கும்” என்றாள்.)

தொடக்கம் மூன்று: கிழங்கு கழுவிய தண்ணீர் ஒரு தொட்டிக்கு வருகிறது. அதிலுள்ள மாவை நுண்ணுயிரிகள் தின்கின்றன. அக்கா அவற்றைப் பிள்ளைகள் என்பாள். “பிள்ளைங்களுக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல” என்று அவள் ஆரம்பித்தால் நாங்கள் தட்டை நகர்த்திவிடுவோம். தொழிற்சாலை வளர்ந்தது, தொட்டி வளரவில்லை. பிள்ளைகள் தின்றது போக மிச்சம் ஓடைக்குப் போகிறது. ஓடைக்கரையில் எங்கள் வீடு.

3

மேலாளரை வில்லனாக எழுதி, மீசையும் வைத்தேன். அக்கா படித்தாள்.

“அவருக்கு ஏதுடி மீசை? நல்ல மனுஷன். என் காய்ச்சலுக்கு அவர் கார்லதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.”

கதைக்கு இதைவிட இடைஞ்சல் வேண்டுமா?

இந்த நல்ல மனுஷன்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒவ்வோர் ஆய்வுக்கும் முன்னால், “கொஞ்சம் குடிதண்ணியைக் கலந்து விடும்மா” என்பார். அக்கா குடிநீர்க் குழாயின் வால்வைக் கொஞ்சம் திறப்பாள். வெளியேறும் நீர் தெளிந்து, பரிசோதனையில் தட்டுத்தடுமாறித் தேறும். ஏமாற்றல்ல, அவர் மொழியில் “விருந்தாளி வர்றப்ப வீடு கூட்டுறது”.

4

போன முறை அக்கா வால்வைத் திறந்தவள், கொஞ்சத்தில் நிறுத்த மறந்துவிட்டாள். முடிவு வந்தபோது தொழிற்சாலையின் கழிவுநீர், ஊர்க் குடிநீரைவிடச் சுத்தமாக இருந்தது. ஆய்வாளர் அம்மா நேரில் வந்தார்.

“இப்படி ஒரு ரிசல்ட்டை நான் பார்த்ததே இல்ல சார். எப்படிப் பண்ணீங்க?”

“கடின உழைப்பு மேடம்.”

“அப்ப புது அனுமதியில உங்க அழுக்கு வரம்பை இதுக்கே மாத்திடறேன். முடியாதுன்னு சொல்லமாட்டீங்களே?”

முடியாது என்றால் எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். மேலாளர் புன்னகைத்தார்.*

* ஆய்வாளருக்கு உண்மை தெரியுமா? “தெரியாமலா? அந்தம்மா சிரிச்ச சிரிப்பே சரியில்ல” என்கிறாள் அக்கா. எனக்குத் தெரியவில்லை. ‘எல்லாம் அறிந்த கதைசொல்லி’ பாடத்தன்று பேருந்து தாமதம்.

5

நாளை மறுபடி ஆய்வு. மேலாளர் அக்காவைக் கூப்பிட்டு, “இனிமே எப்பவும் முழுசாவே திறந்துடும்மா. யாராவது கேட்டா, நீயா தெரியாம திறந்துட்டேன்னு சொல்லிடு. நான் இருக்கேன்ல” என்றாராம். திறந்து மாட்டிக்கொண்டால் வேலை போகும். திறக்காவிட்டால் பரிசோதனை தோற்கும், தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள் என்று வேலை போகும். ஆனால் தொழிற்சாலை இரண்டாவது தொட்டி கட்டியே ஆக வேண்டிவரும்.

முடிவு அ: அக்கா நெஞ்சை நிமிர்த்தி மறுக்கிறாள். ஆசிரியைக்குப் பிடிக்கும்.

“வீட்டு வாடகையை உன் ஆசிரியை குடுப்பாங்களா?”

முடிவு ஆ: அக்கா வால்வைத் திறக்கிறாள், ஓடை…

“ஏண்டி, நான் என்ன அவ்வளவு மோசமா?”

முடிவு இ: ஆய்வாளர் எல்லாவற்றையும் கண்டுபிடித்து அக்காவைப் பாராட்டி

(வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவள் சிரித்துவிட்டாள்.)

“சரி, நீ என்னதான் செய்யப்போறே?”

“அதை நீ எழுதாதே. எழுதிட்டா நாளைக்கு நான் அப்படியே செய்யணும்போல இருக்கும்.”

விளக்கை அணைத்துப் படுத்துவிட்டாள். தூங்கவில்லை, புரள்கிறாள்.

ஆகவே வாசகரே, முடிவு உங்களுடையது. உங்களுக்கு அந்தத் தொழிற்சாலையில் சம்பளமும் இல்லை, ஓடைக்கரையில் வீடும் இல்லை. நேர்மையாக முடிவெடுக்க உங்களைவிட வசதியான ஆள் யார்? வால்வை வலப்பக்கம் திருப்பினால் மூடும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் என்கிறாள் அக்கா.