இதயப் பிரிவுக்கு இன்னொரு கடிதம்

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் ஜன்னலோரம் நிர்வாகக் குழுத் தலைவர் ஆர்லோ உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஊரின் ஒரே டாக்டர் ஹெக்லண்ட். எதிரே ஜானெல். கதவுக்குப் பக்கத்தில், சட்டென்று எழுந்து போகத் தோதாக, தலைமை நர்ஸ் லொரெட்டா.

பிஸ்மார்க் நகரத்திலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த இதய நிபுணர் ஓய்வு பெற்றுவிட்டார். வடக்கு டகோட்டாவின் இந்த மூலைக்கு வர வேறு நிபுணர் அகப்படவில்லை. ஜானெலோ மேற்படிப்பு முடித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆகியிருந்தாள்; தானே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதலாம். இதய நோயாளிகளை இனி அவளிடம் விடுவதா என்பதுதான் பேச்சு.

"கூட வேலை பாத்த ரெண்டு பேர் கடிதம் வேணும். டாக்டர் குடுத்துட்டார். இன்னொண்ணு நீதான் குடுக்கணும் லொரெட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா இந்த வருஷம் இதயப் பிரிவு கிடையாது," என்றார் ஆர்லோ.

"யோசிச்சுச் சொல்றேன்."

"யோசிக்க என்ன இருக்கு? ஊரே அவள டாக்டர்னுதான் கூப்பிடுது."

லொரெட்டாவுக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஜானெல் படிக்கப் போனபோது அவளுடைய ஞாயிற்றுக்கிழமை வேலையையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்தது லொரெட்டாதான். இந்த ஊரில் டாக்டருக்குத்தான் கூகன் என்கிற பழக் கேக் சுட்டுக் கொண்டுவருவார்கள். நர்ஸுக்கு ஒரு நன்றியோடு சரி. இன்று ஹெக்லண்டின் முன்னால் ஒன்றுமில்லை. ஜானெலின் முன்னால் மூன்று கூகன்.

"இதச் சாப்பிட்டே இன்னும் நாலு பேருக்கு நெஞ்சு வலி வரும்," என்று ஆர்லோ சிரித்தார்.

நடுவில் இருந்தது உலர்ந்த பிளம் பழக் கூகன். அதன் ஓர மடிப்பு லொரெட்டாவின் கைமடிப்பு. சர்ச் விற்பனைக்காக நேற்று அவள் சுட்டு வீட்டில் வைத்திருந்தது.

"இது யார் குடுத்தது?"

ஜானெலின் முகம் சிவந்தது. "நோயாளிங்க பேர நான் சொல்லக் கூடாதே, லொரெட்டா."

அதுவே போதுமான பதிலாக இருந்தது.

அன்று மாலை வீட்டில், லொரெட்டாவின் கணவன் டெல்மர் டிராக்டருக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"ஒண்ணுதானே எடுத்தேன்."

"உனக்கு நெஞ்சுக்கு என்ன?"

"படி ஏறினா இறுக்குது. அவதான் கண்டுபிடிச்சா. இப்போதைக்கு மாத்திர குடுத்திருக்கா. தொடர்ந்து பாக்கணும்னா அந்தப் பிரிவு வரணுமாம்."

"இத்தன வருஷமா நர்ஸோட குடும்பம் நடத்துறே. எங்கிட்ட சொல்ல வாயில்லையா?"

"அவ உக்காந்து கேட்டா."

"நான் நின்னுக்கிட்டா கேப்பேன்?"

"ஆமா. அடுப்பப் பாத்துக்கிட்டு."

அவன் மறுபடி ஸ்பானரைத் திருகத் தொடங்கினான்.

"பிரிவு வரலேன்னா பிஸ்மார்க் போவியா?"

"பனியில ரெண்டு மணி நேரமா? விடு, பாத்துக்கலாம்."

அவன் போகமாட்டான். அது அவளுக்குத் தெரியும்.

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். ஜானெல் கவனமானவள் என்று எழுதினாள். 'மிகவும்' சேர்க்கக் கை வரவில்லை. பொறுமையாகக் கேட்பவள் என்று எழுதும்போது தாள் கிழிகிற அளவுக்குப் பேனா அழுந்தியது. கடைசி வரிக்கு வெகுநேரம் பிடித்தது: 'என் கணவரை நான் இவரிடமே அனுப்புவேன்.' அனுப்பத் தேவையில்லை, அவனே ஓடிவிடுகிறான் என்பது பேனா முனைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

உறையை ஒட்டும்போது டெல்மர் உள்ளே வந்து எட்டிப் பார்த்தான்.

"யாருக்கு?"

"உன் டாக்டரம்மாவுக்கு," என்றாள் அவன் பக்கம் திரும்பாமலே.

சாலையோரம் நடந்து போய்க் கடிதத்தை வீட்டுத் தபால் பெட்டிக்குள் வைத்தாள். தபால்காரர் எடுத்துப் போகட்டும் என்று சிவப்புக் கொடியை நிமிர்த்திவிட்டாள்.