வெறுந்தரை

குளிர் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. வெப்பம் குறைந்திருப்பதற்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் அருள்மொழி இதைத் தன் அப்பா சீனிச்சாமிக்குப் பலமுறை, கரும்பலகை இல்லாத குறை தெரியாமல், விளக்கியிருக்கிறான். இப்போது அதே அப்பாவை வைப்பதற்கு வந்த குளிர்பெட்டியின் ஒரு முனையைத் தாங்கியபடி, போடிமெட்டு வாடகை வீட்டின் படியில் ஏறிக்கொண்டிருந்தான்.

பெட்டி போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஜீப்பில் வந்திருந்தது.

"மெட்டுக் குளிருக்கு இது வேறயா? சும்மா கெடத்துனாலே தாங்குமே" என்றார் மறுமுனையைத் தூக்கிய வீரணன். அம்மாவின் தம்பி, கொத்தனார். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அதன் பிறகு இந்த வீட்டில் ஆள் எண்ணிக்கை இரண்டு. இன்று காலை, கட்டிக்கொண்டிருந்த புது வீட்டில், அடுக்கி வைத்த தெர்மகோல் பலகைகள் மேல் மூச்சு வாங்க உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. ஆகவே ஒன்று.

பெட்டிக்காரர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது. உள்ளே வெறும் எவர்சில்வர் தகடு. அருள்மொழி அதை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, இதக் கொஞ்சம் கம்மியா வைக்க முடியாதா?"

"கம்மியா வைக்கிறதுக்குப் பெட்டி எதுக்கு தம்பி?"

"அடியில ஒரு போர்வையாச்சும்..."

"என்ன மாப்ளே?" என்றார் வீரணன்.

"ஒண்ணுமில்ல மாமா."

சீனிச்சாமி இருபத்திரண்டு வருடம் ஏலக்காய் எஸ்டேட் ஸ்டோரில் வேலை பார்த்தவர். அங்கே ஏலக்காய் மூட்டையை யாரும் வெறுந்தரையில் வைக்க மாட்டார்கள். கீழே மரப்பலகை, அதன் மேல் பாலிதீன், அதன் மேல்தான் மூட்டை. காவலுக்குப் படுக்கும் சீனிச்சாமிக்கு ஒரு சாக்கு. அதனால் சரிவில் எட்டு சென்ட் வாங்கிச் சொந்த வீடு கட்டத் தொடங்கியதும், கதவு எந்த மரம் என்பதற்கு முன்பே தரைக்கடியில் என்ன என்பதை முடிவு செய்துவிட்டார். இறுக்கிய மண், பாலிதீன், இரண்டு இஞ்சு கனத் தெர்மகோல், அதற்கு மேல் கான்கிரீட். சுவரோரத்திலும் ஒரு துண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

விடுமுறைக்கு வந்த அருள்மொழி சிரித்தே விட்டான்.

"தரைக்கு ஸ்வெட்டர் போடுற மொத ஆளு நீங்கதாம்ப்பா."

"ஏலக்கா மூட்டைய வெறுந்தரையில வைப்பாங்களாடா?"

"நீங்க மூட்டையா?"

"அதவிட வெல கம்மிதான். இருந்தாலும் குளிருதுல்ல."

"குளிர்னு ஒண்ணு கெடையாதுப்பா. அதோட, இது நசுங்கிரும்."

சீனிச்சாமி வாதாடவில்லை. ஒரு துண்டின் மேல் பன்னிரண்டு செங்கல்லை ஏற்றிப் பத்து நாள் வைத்தார். நசுங்கவில்லை. பிறகு மண்டியிட்டுப் பலகைகளை விரித்து, இடுக்குகளைப் பழுப்பு டேப்பால் ஒட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு முறை கிழித்ததும், அடுத்த முறை தேடாமல் கிடைக்க, நுனியை நகமளவு மடித்து வைப்பார்.

"டேப்புக்குக் காது வெச்சாச்சு. கம்மல் எப்பப்பா?" என்று கேட்டான் அருள்மொழி. ஹாஸ்டலில் அவர் மண்டியிடுவதை நடித்தும் காட்டினான். பத்துப் பேர் சிரித்தார்கள். நல்ல நடிப்பு.

மறுநாள் கொள்ளி வைத்துத் திரும்பியபோது பகல் மணி இரண்டு. வீரணன் அவன் தோளில் கை வைத்தார்.

"மாப்ளே, சொல்ற நேரமில்ல. ஆனா சிமெண்டுக்குத் துக்கம் தெரியாது. இந்த மஞ்சு ஈரத்துல மூட்டையெல்லாம் கட்டியாயிரும். நாளைக்குப் பால் தெளிச்சுட்டு, மறுநாள் தரையப் போட்டுருவம்."

"சரி மாமா."

"அந்தத் தெர்மகோலக் கடையிலயே திருப்பிக் குடுத்துருவம். அத்தான் பாதி ரூம்புதான் ஒட்டிருக்காரு, வெரசாப் பிச்சுரலாம். படிச்சவன், நீ அன்னைக்கே வேலைக்காகாதுன்னு சொன்ன. அவருதான் கேக்கல."

சொன்னது உண்மை. சாட்சிகூட மாமாதான். அருள்மொழி திண்டாட்டத்தோடு முற்றத்தைப் பார்த்தான். பெட்டிக்காரர் குளிர்பெட்டியைத் துடைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

கான்கிரீட் விழுந்துவிட்டால் அதற்கடியில் எவனாலும் எதையும் விரிக்க முடியாது. இது மூன்றாம் ஆண்டுப் பாடம் இல்லை, யாருக்கும் தெரியும்.

நாலு மணிக்கு அவன் தனியாகச் சரிவில் இறங்கினான். புது வீட்டுக்குக் கூரை இருந்தது, கதவு இல்லை. மஞ்சு புகைபோல வாசல் வழியே வந்து ஜன்னல் வழியே போனது. மழித்த தலையில் வெப்பம் குறைந்திருந்தது. துண்டை எடுத்து மூடிக்கொண்டான்.

பாதி அறையில் அப்பா ஒட்டியவை செங்கல் வரிசை போல இடுக்கு மாறி மாறிக் கிடந்தன. மீதிப் பாதியில் பாலிதீன் மட்டும். அப்பா கடைசியாக உட்கார்ந்த அடுக்கின் மேல் பலகையைத் தொடாமல் ஒருமுறை சுற்றி வந்தான். பிறகு அதையே முதலில் எடுத்தான்.

மண்டியிட வேண்டியிருந்தது. வேறு வழியில் அந்த வேலை நடக்காது. டேப்பைக் கையில் எடுத்ததும் நுனி விரலில் தட்டுப்பட்டது. தேட வேண்டியிருக்கவில்லை. ஒட்டினான். அடுத்தது. அதற்கடுத்தது. சுவரோரத்துக்கு அறுத்த துண்டு ஒன்று குட்டையாகப் போக, இன்னொன்று அறுத்தான்.

"மாப்ளே, அங்க என்ன பண்ற?" மேலே ரோட்டிலிருந்து வீரணன்.

"சும்மாதான் இருக்கேன் மாமா."

"குளிருதுடா. வீட்டுக்கு வா."

"வர்றேன், நீங்க போங்க."

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. கடைசி இடுக்கை ஒட்டி, டேப்பைக் கிழித்து, நுனியை நகமளவு மடித்து ஜன்னல் கட்டையில் வைத்தான்.