சுரங்கத்துக்குள் ஒரு டைனமோ விளக்கு

எங்கள் ஒட்டாகோ சைக்கிள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் ஓட்டும் பாதையில் முன்பு ரயில் ஓடிய காலத்தில் கடைசிப் பெட்டியின் பின்னால் ஒரு விளக்கு தொங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், பெட்டி எதுவும் வழியில் கழன்று நிற்கவில்லை, வண்டி முழுசாக வந்துவிட்டது என்று நிலையத்தில் இருப்பவர்கள் நம்புவார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கி சைக்கிள் பாதை ஆக்கிய பிறகும் நாங்கள் அதை விடவில்லை. கூட்டத்தில் கடைசியாக வருபவர் வழியிலுள்ள பழைய ரயில் சுரங்கத்தைத் தாண்டியதும் உள்பக்கம் திரும்பி, "எல்லாரும் வந்தாச்சு!" என்று குரல் கொடுப்பார். அதுவரை யாரும் நகரக் கூடாது.

அன்று தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. கூடாரம் போடும் அவசரத்தில் மற்றவர்கள் காத்திராமல் போய்விட்டார்கள். சுரங்க வாயிலில் நானும் எய்ல்சாவும் மட்டும் நின்றோம். கடைசி ஆள் அவளுடைய அப்பா மர்டோ.

மர்டோவின் சைக்கிளில் பழைய டைனமோ விளக்கு. டயரில் உரசும் சின்ன உருளைதான் மின்சாரம் தரும். சக்கரம் சுற்றினால் எரியும், நின்றால் அணையும்.

"அந்த மியூசியம் சாமானத் தூக்கிப் போட்டுட்டு என் பேட்டரி லைட்ட மாட்டிக்கோங்கப்பா," என்று எய்ல்சா காலையில்கூடக் கேலி செய்திருந்தாள்.

"பேட்டரி பொய் சொல்லும் கண்ணு. நான் விழுந்து கெடந்தாலும் ஜோரா எரியும். இது அப்படியில்ல."

சுரங்கம் நடுவில் வளைகிறது. அதனால் எங்களுக்கு விளக்கு தெரியவில்லை. வளைவின் ஈரச்சுவரில் அதன் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அது மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. திடீரென்று ஏதோ சரிந்து விழும் சத்தம். பிறகு இருட்டு.

"அப்பா!" எய்ல்சாவின் குரல்தான் திரும்பி வந்தது. "மாமா, போன மாசந்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்துச்சு."

"இரும்மா, மேலயிருந்து இன்னும் கல்லு விழலாம்."

அப்போது சுவரில் மறுபடி வெளிச்சம் வந்தது. இம்முறை பெரிதாகவும் இல்லை, நகரவும் இல்லை. ஒரே இடத்தில் சீராக எரிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. "வண்டி ஓடல, ஆனா சக்கரம் சுத்துது. அப்படின்னா சைக்கிளக் கவுத்துப் போட்டுக் கையால சுத்துறாரு. நமக்கு சிக்னல் குடுக்குறாரு! நல்லாத்தான் இருக்காரு, வா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "பாருங்களேன், கெழவரோட திமிர!"

வளைவைத் தாண்டினோம். சைக்கிள் தலைகீழாக நின்றது. முன்சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

மர்டோ அதிலிருந்து பத்தடிக்கு அப்பால், சரிந்த செங்கல் குவியலுக்குள் இடுப்புவரை புதைந்து கிடந்தார். வலது கை மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

டைனமோ உரசும் சக்கரம், கையை எடுத்தால் சில நொடிகளில் நின்றுவிடும். எத்தனை முறை கழற்றி மாட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியும். இது நிற்கவில்லை.

கைபேசி விளக்கைப் போட்டு வாயில் கவ்விக்கொண்டு கற்களை அகற்றினேன். மர்டோ கண் திறந்தார்.

"க்ரெய்க், அவர விடச் சொல்லுடா. ரொம்ப நேரமாச் சுத்துறாரு. கை வலிக்கும்."

"யாருப்பா?" என்றாள் எய்ல்சா.

அவர் சைக்கிளைப் பார்த்தார்.

ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தோம். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் எங்கள் நிழல்கள் முன்னால் நீண்டன. நாங்கள் வாயிலை அடையும்வரை அது ஒரு முறைகூட மங்கவில்லை.

வெளியே மர்டோவைப் புல்லில் கிடத்தினோம். மூச்சு ஒழுங்காக வந்தது. கடைசியாக வெளியே வந்தவள் எய்ல்சா. பழக்கத்தில் உள்பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

வளைவின் சுவரில் வெளிச்சம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"சொல்லும்மா," என்றேன்.

"எப்படி மாமா சொல்றது?" என்றாள். "இன்னும் ஒருத்தர் உள்ள இருக்காரே."