புகைக்குக் காஜா எடுத்தவள்

அந்தப் பள்ளத்தாக்கின் மேலிருந்த புகை, குளிர்காலத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் துணியாக மாறியது. அன்றைக்கு வெங்காய விலை பாதியாக இறங்கியிருந்ததால் சந்தையில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நான்கு பக்கமும் மலை, குளிர் வந்தால் காற்று நகராது. செங்கல் சூளையும் பஸ் டெப்போவும் வீட்டு அடுப்புகளும் விட்ட புகை பல வருஷமாக அங்கேயே கிடந்து, நெருங்கி நெருங்கி, கடைசியில் போர்வைப் பதத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். காக்கைகள் அதன்மேல் நடந்து போவது கீழே நிழலாகத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவ ஏறியவன் ஓரத்தைக் கிள்ளிப் பார்த்து, "நல்ல அழுத்தமான துணிதான், சாயம் போகாது" என்று சான்றிதழ் கொடுத்தான். அதில் யாரும் ஊஞ்சல் கட்டக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியதோடு நகராட்சி தன் கடமையை முடித்துக்கொண்டது.

கடைத்தெருத் தையல் கடையில் பதினெட்டு வருஷமாகச் சட்டைகளுக்குப் பித்தான் துளை வெட்டி ஓரம் தைத்து, அதாவது காஜா எடுத்து, பித்தான் வைப்பவளை ஊரே காஜாக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளுக்கு இதையெல்லாம் பார்த்து வாய் பிளக்க நேரமில்லை. டெப்போவில் இருபது வருஷம் இன்ஜின் பார்த்த அவள் புருஷனுக்கு நெஞ்சுக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். மலைக்கு மேலே கூட்டிப் போய்விடுங்கள், இங்கே இருந்தால் இந்தக் குளிரைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மேலே அவளுக்கு வேலை இல்லை, ஒண்ட ஓர் இடம் இல்லை. அங்கிருந்த அவள் தங்கை வீட்டில் ஒரு ஆளுக்கு மட்டும்தான் கட்டில் இருந்தது. மனிதரோ சரியான பிடிவாதக்காரர்.

"நீ இல்லாம நான் மட்டும் போய் அங்க என்னத்தப் பண்றது? போனா ரெண்டு பேரும் போவோம், இல்லைன்னா இங்கயே கிடப்போம்."

"பேசாதீங்க, மூச்சு வீணாகுது," என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கத்தரிக்கோலும் ஊசியும் மெழுகு பூசிய நூலும் எடுத்துக்கொண்டு தன் வீடு இருந்த மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டைமாடியில் ஏறினாள். மேசைமேல் முக்காலி, முக்காலிமேல் அவள். துணி கைக்கெட்டியது. சாக்குக்கட்டியால் கோடு போட்டு ஒரு முழத்துக்கு வெட்டினாள். வெட்டியதோடு விட்டால் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கும் என்பதால் இரண்டு நாள் கழுத்து வலிக்க நின்று சுற்றிலும் நெருக்கித் தைத்தாள். "வானத்துக்கே சட்டை தைக்கிறியாக்கா?" என்று பக்கத்து மாடிக்காரி கிண்டல் செய்தாள். மூன்றாம் நாள் புருஷனை நாற்காலியோடு தூக்கி வந்து அடியில் உட்கார வைத்தார்கள். காஜா வழியாக நீலமாக ஒரு கீற்று தெரிந்தது, குளிர்ந்த சுத்தமான காற்று இறங்கியது. அவர் ஒரு மூச்சு இழுத்தார், ருசி பார்ப்பவர் போலக் கண்ணை மூடினார், இன்னொன்று இழுத்தார். "அக்கா, எங்க வீட்டுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துடு" என்று முதலில் வந்து நின்றவள் அந்தக் கிண்டல்காரிதான்.

பள்ளிக்கூடம், பிரசவ ஆஸ்பத்திரி, அப்புறம் வீடு வீடாக என்று ஊர் முழுக்கக் காஜா எடுத்தாள். சூளை முதலாளி வீட்டுக்கும் ஒன்று. அதிலேதான் வினை வந்தது. ஓட்டைதான் இருக்கிறதே என்று ஆளாளுக்குத் தாராளமாகப் புகை விட்டார்கள். துணி கனத்துத் தொய்ந்து மொட்டைமாடிகளில் கழுத்தளவுக்கு இறங்கிவிட்டது. புருஷனுக்கு உதடு நீலம் பாரித்தபோது அவள் யோசிக்கவில்லை. அவரை நிமிர்த்தி நிறுத்தி, "காதை மடக்கிக்கோங்க" என்று சொல்லித் தலையைக் காஜாவுக்குள் நுழைத்துவிட்டாள். மேலே வெயில். பத்து நிமிஷத்தில் விசில் நின்றது.

அவர் அதற்குப் பிறகு பகலெல்லாம் அப்படித்தான் இருந்தார், தலை மேலே, உடம்பு கீழே. மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஒரே வாரத்தில் சாம்பல் நிற மைதானத்தில் இருநூறு தலைகள் முளைத்து ஒன்றுக்கொன்று நலம் விசாரித்தன. முடிதிருத்துபவர் துணிமேல் தவழ்ந்து போய்த் தலை தலையாகச் சவரம் செய்தார்.

மேலே போன பிறகுதான் துணிக்கு நூல் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தது. ஒவ்வொரு புகைபோக்கியும் தன் பங்குக்கு நூற்றுக்கொண்டிருந்தது. புருஷன் கீழே குனிய முடியாமல் கத்தினார்.

"அடியே, நாலாம் நம்பர் பஸ் கயிறாத் திரிக்குது! அதுக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டதே நான்தான்டி!"

"இப்பவாவது தெரிஞ்சுதே," என்றாள் அவள். டெப்போவுக்கு அவளே போய்ச் சொல்லி அந்த பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தாள். அடுப்புக்காரர்கள் அவரவர் நூலைப் பார்த்து அசடு வழிந்தார்கள். ஒரு காலையில் சூளை முதலாளி தலையை நீட்டினார். எதிரே அவர் சூளையிலிருந்து வடக்கயிறு போல ஒன்று திரண்டு வந்துகொண்டிருந்தது. இருநூறு தலைகளும் திரும்பி அவரைப் பார்த்தன. "குளிர் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சூளை அணைந்தது. புகை குறைந்த புதுச் சூளை கட்டி முடிக்கும்வரை அவர் காஜா பக்கமே வரவில்லை.

துணி நாளுக்கு நாள் நைந்து கொசுவலை போலாகி, லேசாகிப் பழைய உயரத்துக்கே ஏறிவிட்டது. ஒரு மத்தியானம் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்கு இறங்கி, தீப்பெட்டி வாங்கிக்கொண்டு, மூன்று மாடியும் தானே ஏறி வந்தார். காஜாக்கா வாசலில் நின்று, யார் பார்த்தால் எனக்கென்ன என்று வாய்விட்டு அழுதாள்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் மொட்டைமாடிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காற்று நேராக வழுக்கையிலேயே இறங்குகிறது, சளி பிடிக்கும் என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தச்சனிடம் சொல்லித் தட்டு அகலத்தில் ஒரு மரப் பித்தான் செய்து வாங்கி, மேசைமேல் முக்காலி போட்டு ஏறித் தைத்து, வானத்தைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.