கரண்ட் வரக்கூடாது

கரண்ட் வரக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது என் நாற்பத்தொரு வயதில் அன்றைக்கு ஒரு நாள்தான்.

மத்தியானம் ஒரு மணி பத்து. காஞ்சிபுரத்தில் நான் மேனேஜராக இருக்கும் கூரியர் ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கையால் செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் வாலாஜாபாத்துக்காரர் ஒருவர் தன் கடல்நீர்த் தொட்டியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். தண்ணீர் அரிசி கழுவின நிறத்தில் இருந்தது. மீன்கள் எல்லாம் ஒருக்களித்து மிதந்தன. கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘ஆறு மணி நேரம் ஷட்டவுன். கரண்ட் இல்லாதப்போ ஒண்ணும் ஆகல. வந்து அரை மணி நேரத்துல எல்லாம் போச்சு. கேனிஸ்டர் வச்சிருக்கவங்க பிளக்கைப் பிடுங்கிட்டு வெளிய போங்க.’

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. நான் குடியிருக்கும் உத்திரமேரூரிலும் அன்று ஷட்டவுன், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. என் வீட்டில் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் ஃபில்டரும் கேனிஸ்டர்தான். நான் பிளக்கைப் பிடுங்கவில்லை.

தொட்டி என் மனைவி ஏலவார்குழலியுடையது. அவளுக்கு உத்திரமேரூரில் ஒரு லேபில் ரத்தம் சோதிக்கும் வேலை. இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டியில் உப்பை அளந்து கரைத்து, அந்தத் தண்ணீரையும் ரத்தத்தைப் போலவே சின்னச் சின்னக் குழாய்களில் ஊற்றிச் சோதித்து, நகம் அளவுக்கு வாங்கி வந்த பவளத்தை உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்திருந்தாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஜோடி ஒன்றும் உண்டு. போன வாரம் அந்த ஜோடி முதல் தடவையாகப் பாறையில் முட்டை வைத்தது. ஆண் மீன் வேறு வேலையே இல்லாமல் துடுப்பால் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பொரியும் என்று குழலி நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து வேலூரில் இரண்டு நாள் டிரெயினிங் வந்தது, தட்ட முடியவில்லை.

போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். ஷட்டவுன் அன்றைக்குக் கிளம்பும் முன் பேட்டரி காற்று மோட்டாரைப் போட்டுவிட்டுப் போகச் சொன்னாள். போட்டேன். கேனிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸை மூடினீர்களா என்று தெருமுனை போய்த் திரும்பி வந்து கேட்கிறவள் அவள். ஆனால் கேனிஸ்டர் என் மிஷின். அதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

எட்டு மாசத்துக்கு முன்னால் அதை வாங்கப் போனோம். கொளத்தூரில் மீன் கடைக்காரர் தாமோதரன் மூன்று வகை காட்டினார். தொட்டியின் முதுகில் மாட்டுவது ஒன்று. தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வைத்து, தண்ணீரை இறக்கி ஏற்றுவது ஒன்று. மூன்றாவது கேனிஸ்டர். மூடி போட்ட டிரம். உள்ளே கூடை கூடையாக ஸ்பாஞ்சும் பீங்கான் வளையமும் இருக்கும். அதில் வளரும் பாக்டீரியா மீனின் கழிவைத் தின்றுவிடும். சத்தம் வராது, பெட்டிக்குள் மறைந்துவிடும், பார்க்க நீட்டாக இருக்கும். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

குழலிக்கு மூன்றுமே வேண்டாம். துளை விழுந்த பாறையை நிறைய அடுக்கினால் பாக்டீரியா அதிலேயே குடியிருக்கும், ஒரு அலை மோட்டாரும் வாராவாரம் கொஞ்சம் புதுத் தண்ணீரும் போதும் என்றாள். டிரம்மைக் காட்டி, “வெள்ளிக்கிழமை மூடுன டிபன் பாக்ஸைத் திங்கக்கிழமை தொறந்து பாத்துகீறீங்களா? கரண்ட் போச்சுன்னா இதுவும் அதான்” என்றாள்.

தாமோதரன் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்காரன் முன்னால் என்னை மட்டம் தட்டுகிறாள் என்று தோன்றியது. உன் இஷ்டத்துக்கு எதையாவது வாங்கிக்கொள், நான் வரவில்லை என்று கத்திவிட்டுத் தெருவில் போய் நின்றுகொண்டேன். இருபது நிமிஷம் கழித்து அவள் கேனிஸ்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பாறையையும் வாங்கியிருந்தாள், அழகுக்கு என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மீனைக் காட்டுவதற்கு முன்னால் நான் கேனிஸ்டரைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்த டிபன் பாக்ஸ் நாலு மணி நேரமாக மூடிக் கிடக்கிறது. தண்ணீர் ஓடாமல் உள்ளே பாக்டீரியா செத்து அழுகிக்கொண்டிருக்கும். கரண்ட் வந்த நொடியில் மோட்டார் அத்தனையையும் தொட்டிக்குள் கக்கும். முன்பு ஷட்டவுன் வந்த நாட்களில் குழலி வீட்டில் இருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது.

எனக்குத் தெரிந்த லைன்மேன் வேதகிரிக்குப் போன் போட்டேன். கரண்ட் எப்போது வரும் என்றேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, இரண்டரைக்கெல்லாம் கொடுத்துவிடுவோம் என்று பெருமையாகச் சொன்னார். ஐந்து மணிக்குக் கொடுக்கக்கூடாதா என்று கேட்டேன்.

“இன்னா சார், ஊரே சீக்கிரம் குடுன்னு உசுர வாங்குது. நீங்க இன்னாடான்னா லேட்டா குடுன்றீங்கோ?”

என் வீட்டுக்கு மட்டுமாவது நிறுத்தி வைக்க முடியுமா என்றேன். ஒரு வூட்டுக்கு மட்டும் நிறுத்த அது இன்னா கொழாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டுச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று வேலூரில். மெயின் சுவிட்ச் கிரில் கேட்டுக்கு உள்ளே. பக்கத்து வீட்டு ஆனந்தன் சுவர் ஏறிக் குதித்தாவது ஃபியூஸைப் பிடுங்கியிருப்பார், நல்ல மனிதர். ஆனால் பைக் நிறுத்துகிற தகராறில் போன மாசம் அவர் நம்பரையே அழித்திருந்தேன். அந்த பைக்கும் அன்று பார்த்து சர்வீஸில் கிடந்தது. இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று குழலி சொன்னதைத் தள்ளிப் போட்டவனும் நான்தான். ஆபீஸை விட்டு ஓடி வந்து, நடுரோட்டில் நின்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

ஒன்று நாற்பதுக்கு பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தும் காற்று படவில்லை, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குழலிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று மூன்று முறை எடுத்து மூன்று முறை வைத்தேன். என்ன சொல்வது? நீ சொன்னதுதான் சரி, உன் மீன் சாகப் போகிறது என்றா? முட்டை வைத்த அன்று அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

திருப்புலிவனம் நிறுத்தத்தில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். அந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே ஷட்டவுன். டீக்கடையில் மின்விசிறி அசையாமல் தொங்கியது. கடைக்காரர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அவர் வேர்த்துக் கிடப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். மணி இரண்டு இருபத்தைந்து.

ஒரு கூட்டம் நெல் மூட்டையோடு ஏறியது. கண்டக்டர் சில்லறைக்குச் சண்டை போட்டார். பஸ் நகரவில்லை. எடுங்கண்ணா என்று நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டுக் குழந்தை அழுதுவிட்டது.

உத்திரமேரூருக்குள் நுழையும்போது சலூன் கடைக் கண்ணாடிக்கு மேலே டியூப் லைட் இரண்டு முறை வெட்டி வெட்டிப் பளிச்சென்று எரிந்தது. பஸ்ஸில் யாரோ, “அப்பாடி, வந்துட்சு” என்றார்கள். நான் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. ஓடினேன். தொப்பையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவதைத் தெருவே நின்று பார்த்தது. ஆனந்தன் வாசலில் நின்று ஏதோ கேட்டார், நிற்கவில்லை. சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. கிரில்லைத் திறந்து, கதவைத் திறந்து, செருப்போடு உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அதற்குள் கேனிஸ்டர் கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டேன். மீன் இரண்டும் உயிரோடு இருந்தன. இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் என்று எழுதியிருந்தாரே. கடிகாரத்தைப் பார்ப்பதும் மீனைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வெளுக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. மூன்று மணி ஆயிற்று. மூன்றே கால் ஆயிற்று. ஆண் மீன் முட்டைக்கு விசிறிக்கொண்டே இருந்தது. பவளம் விரிந்தே இருந்தது. தண்ணீரில் ஒரு வாடையும் இல்லை.

உள்ளே எவ்வளவு அழுகியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று கேனிஸ்டரைக் குளியலறைக்குத் தூக்கிப் போனேன். அதை நான் திறந்ததே இல்லை. கழுவும் நாளில் கை நாறும், நீங்க வுடுங்க என்று குழலியே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியை நீக்கினேன்.

நாலு கூடையும் காலியாக இருந்தன. ஸ்பாஞ்சு இல்லை, வளையம் இல்லை. டிரம் நிறையச் சுத்தமான உப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது.

ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து குழலிக்குப் போன் போட்டேன். டிரெயினிங் இடைவேளை போல, உடனே எடுத்தாள்.

“டிரம்மைத் தொறந்தேன்” என்றேன்.

ஸ்பாஞ்சையெல்லாம் எப்போது எடுத்தாய் என்று கேட்டேன். முதல் வாரமே என்றாள். பாறையே எல்லாம் பார்த்துக்கொள்ளும், சும்மா தண்ணீர் சுற்றட்டும் என்று விட்டுவிட்டாளாம். எட்டு மாசமாக நான் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது வெறும் டிரம்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லிருந்தா அன்னிக்கே தொட்டிய ஒடச்சிருப்பீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று லேபில் வாசித்துச் சொல்வாளே, அந்தக் குரல். இல்லை, உடைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கொளத்தூர் தெரு ஞாபகம் வந்தது. சற்று முன் பஸ்ஸில் அழுத குழந்தை ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

“வேற எதெல்லாம் இப்டி பண்ணி வச்சிகீறே, குழலி?”

ஆண் மீன் முட்டைக்கு விசிறிக்கினு கீதா என்று கேட்டாள். எழுந்து போய்ப் பார்த்தேன். விசிறிக்கொண்டிருந்தது. கீது என்றேன். சரி, நாளைக்கு மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கூடத்தில் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நானே பிடிவாதம் பிடித்து, நானே முடிவு பண்ணி வாங்கிப் போட்ட சாமான்கள் அங்கே நிறைய இருந்தன. எதைத் திறந்து பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.