துண்டிக்கப்படாத அழைப்பு

ஸ்னேகா அந்தக் கேள்வியைக் கேட்டபோது பிரேம்குமார் வெள்ளைப் பலகையில் ஒரு கோட்டை வரைந்து முடித்திருந்தான். கூட்டம் கூடக்கூடக் கோடு மேலே ஏறி, ஓரிடத்தில் சட்டென்று படுத்துவிடும். அந்த இடத்தில்தான் செல்போன் கோபுரத்துக்கு மூச்சு முட்டுகிறது. அதற்கு மேல் எல்லோருடைய பேச்சையும் அதனால் சுமக்க முடியாது, எதையாவது கீழே போட்டாக வேண்டும். எதைப் போடுவது என்பதுதான் வங்காளத் தலைநகரின் சால்ட் லேக் ஐந்தாவது செக்டரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தின் கேள்வி. கோபுரத்துக்கு வந்து சேருவதெல்லாம் பூட்டிய பெட்டிகள், உள்ளே இருப்பதைப் பார்க்க வழியில்லை. பெட்டியின் அளவையும் வருகிற வேகத்தையும் வைத்து இது சினிமா, இது விளையாட்டு, இது வீடியோ கால் என்று ஊகிக்கும் நிரல் ஒன்றைப் பிரேம்குமார் உருவாக்கியிருந்தான். நெரிசல் வந்ததும் அது வீடியோ கால்களின் பாதையை ஒடுக்கிவிடும். படம் உதிர்ந்துபோகும், குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கால் கட் ஆகாது. அதுதான் அவன் பெருமை.

"சைகையில பேசிக்கறவா என்ன சார் பண்ணுவா?" என்று கேட்டாள் ஸ்னேகா. "அவாளுக்குப் படம்தானே பேச்சு."

அவள் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். அவனிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரேம்குமார் பேனாவின் மூடியைப் போட்டான். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அரை சதவீதம்கூடத் தேறாது, கட்டுரையின் கடைசியில் குறைபாடுகள் என்ற தலைப்பில் ஒரு வரி எழுதிவிடலாம் என்றான். பதில் சரளமாக வந்தது. கேள்வியை அவன் ஏற்கனவே தனக்குள் கேட்டுப் பதிலும் சொல்லி வைத்திருந்தான்.

அவனுடைய அக்கா கல்பனாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இது ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவன் பேசக் கற்றுக்கொள்ளும் முன்பே கையசைக்கக் கற்றுக்கொண்டவன். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில் அந்த வீட்டுக்கென்று ஒரு பாஷை இருந்தது. கல்பனா பெங்காலிப் பள்ளியில் படித்த சைகைகள் பாதி, அம்மா நாகரத்தினம் அடுப்படியில் நின்று தானாகக் கண்டுபிடித்தவை மீதி. மோவாயைச் சுண்டுவிரலால் தொட்டால் அது பிரேம்குமார். அப்பா பன்னீர்செல்வம் வேலையிலிருக்கும்போதே இறந்து, அந்த வேலை கல்பனாவுக்குக் கிடைத்தது. தபால் பிரிவில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து அடுக்கினாள். அவள் சம்பாத்தியத்தில்தான் தம்பி எம்.டெக் முடித்தான். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அக்காவின் குரலைப் போலச் செய்து காட்டியபோது அவர்களோடு சேர்ந்து அவனும் ஒருமுறை செய்து காட்டினான். கல்பனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அன்றிலிருந்து வெளியாட்கள் முன்னால் அவள் குரலெழுப்பியதில்லை.

சோதனைக்கு நெட்வொர்க் கம்பெனி மூன்று இடங்களைக் கொடுத்தது. சால்ட் லேக்கில் அரசாங்க அதிகாரிகளின் வீடுகள். பாலிகஞ்சில் வக்கீல்கள், டாக்டர்கள், படம் போனால் அடுத்த நிமிடம் புகார் எழுதுகிறவர்கள். கார்டன் ரீச்சில் யாரும் எழுத மாட்டார்கள், துர்கா பூஜை சமயத்தில் நெட்வொர்க் இப்படித்தான் என்று போனைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பிரேம்குமார் கார்டன் ரீச்சைத் தேர்ந்தெடுத்தான். அஷ்டமி சாயங்காலம், பந்தல்களில் கூட்டம் நெரிகிற நேரம். ஒரே ஒரு சாயங்காலம்தானே என்று நினைத்துக்கொண்டான். முந்தின நாள் அம்மாவிடம் போனில் நாளைக்கு வேலை, கூப்பிட வேண்டாம், அக்காவிடமும் சொல்லிவிடு என்றான். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. பூஜைக்கு வரமாட்டியா என்று மட்டும் கேட்டாள்.

அஷ்டமியன்று சென்னையிலிருந்து கம்பெனியின் பெரிய அதிகாரி வாஞ்சிநாதன் வந்திருந்தார். சுவரை அடைத்த திரையில் கார்டன் ரீச்சின் வரைபடம், அதன்மேல் ஒவ்வொரு அழைப்பும் ஒரு பச்சைப் புள்ளி. அறுந்தால் சிவப்பாகும். இருட்டத் தொடங்கியதும் புள்ளிகள் பெருகின. மற்ற வருடங்களில் இந்நேரம் பாதித் திரை சிவந்திருக்கும். இப்போது ஒன்றுகூடச் சிவக்கவில்லை. வாஞ்சிநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போது பிரேம்குமாரின் போன் அதிர்ந்தது. கல்பனா. பழக்கத்தில் விரல் எடுத்துவிட்டது. ஒரு நொடி அவள் முகம் தெரிந்தது. வியர்த்திருந்தது, கை உயர்ந்துகொண்டிருந்தது. அப்படியே உறைந்து, படம் கறுத்துப்போனது. அந்தக் கறுப்பிலிருந்து சத்தம் வந்தது. "ம்மா… ம்ம்மா… பே…" சின்ன வயதில் அம்மா தன் தொண்டையில் அவள் கையை வைத்து மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் அவளுக்கு வந்த சொற்கள் இரண்டே இரண்டு. ஒன்று அம்மா. இன்னொன்று பிரேம், அதிலும் பாதிதான்.

அறை அமைதியாக இருந்ததால் ஸ்னேகா உட்பட எல்லோருக்கும் கேட்டது.

"என்னப்பா அது, கன்னுக்குட்டி கத்தற மாதிரி?" என்றார் வாஞ்சிநாதன்.

சிலர் சிரித்தார்கள். பிரேம்குமாரும் சிரித்தான். "ராங் நம்பர் சார்," என்றான்.

அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவனுக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தபோது, புரியவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள அவன் எடுத்த முயற்சி ஒன்றும் பலிக்கவில்லை. சத்தத்தை முழுக்கக் குறைத்து, மைக்கையும் அணைத்துப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வெளியே போய்ப் பார்க்கலாம் என்றிருந்தான். அதற்குள் வாஞ்சிநாதன், படத்தை இவ்வளவு வேகமாக நிறுத்துகிறதே, இதை இன்னும் பெரிய ஊருக்குக் கொண்டுபோனால் தாங்குமா என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எழுந்தவன் பலகைக்குப் போனான். பதில் நீண்டுகொண்டே போனது. பைக்குள் போன் சூடாகிக்கொண்டிருந்தது.

கார்டன் ரீச்சில் நாகரத்தினம் சமையலறை வாசலில் வலதுபக்கமாகச் சரிந்து கிடந்தாள். வாய் கோணியிருந்தது. கல்பனா போனைப் பார்த்தாள். தம்பியின் முகம் இல்லை, ஆனால் கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. லைன் இருக்கிறது. தன் சத்தம் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. காது கேட்கிறவர்களுக்குக் குரல் போதும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வாயருகே போனைப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இரண்டு சொற்களையும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கால் கட் ஆகியிருந்தால் அப்போதே எழுந்து ஓடியிருப்பாள். கட் ஆகவில்லை. அவன் வந்துகொண்டிருக்கிறான், ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருப்பான் என்று அவள் நம்பினாள். சன்னல்கள் அதிர்ந்தன, மைதானத்துப் பந்தலில் டாக் மேளம் கொட்டுகிறார்கள் என்று தரையில் வைத்திருந்த கால் வழியாகத் தெரிந்தது. கட்டடத்தில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை, எல்லோரும் சந்தி பூஜைக்குப் பந்தலுக்குப் போயிருந்தார்கள்.

நெடுநேரம் கழித்து அவளுக்குச் சந்தேகம் வந்தது. 'மா போரே கெச்சே' என்று பெங்காலியில் அடித்து அனுப்பினாள், அம்மா விழுந்துவிட்டாள் என்று. அதற்கும் பதிலில்லை. அம்மாவின் தலையைத் தலையணையில் சாய்த்துவிட்டுக் கீழே ஓடினாள். பந்தலில் சாம்பிராணிப் புகைக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தார்கள். பௌதி என்று எல்லோரும் கூப்பிடும் எதிர்வீட்டு அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தபோது, கல்பனா ஆட வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பௌதி சிரித்துக்கொண்டே அவளையும் கூட்டத்துக்குள் இழுத்தாள். புகையில் யாருக்கும் அவள் கைகள் தெரியவில்லை. கடைசியில் அவள் நடுவில் நின்று, அத்தனை பேர் முன்னாலும், தன் குரலில் கத்தினாள்.

பிரேம்குமார் அந்தச் செய்தியைப் படித்தபோது ஆய்வுக்கூடத்தில் மீன் வறுவல் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். வாஞ்சிநாதன் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். தெருவெல்லாம் பூஜைக் கூட்டத்துக்காக அடைத்துக் கிடந்தது. வண்டி ஊர்ந்துதான் போனது. ஆஸ்பத்திரிக்கு அவன் போனபோது நாகரத்தினம் பிழைத்துவிட்டாள் என்று தெரிந்தது. இளம் டாக்டர் ஒருத்தி, விழுந்ததும் கொண்டுவந்திருந்தால் ஊசி போட்டு ரத்தக்கட்டைக் கரைத்திருக்கலாம், இப்போது நேரம் கடந்துவிட்டது, வலது கை வராது, பேச்சும் வருவது சந்தேகம் என்றாள். இதைக் கல்பனாவுக்குச் சைகையில் சொல்ல வேண்டியவன் அவன்தான். சொன்னான். வலது கை என்பதைக் காட்டத் தன் வலது கையையே தொங்கவிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அம்மா தன்னோடு பேசுகிற கை அது என்று கல்பனா சொல்லவில்லை. என் சத்தம் வந்ததா என்று மட்டும் கேட்டாள். அவன் இல்லை என்று கையசைத்தான். பூஜைக் கூட்டம், நெட்வொர்க் சரியில்லை என்றான். அவள் தலையாட்டினாள். தப்பு தன் போனின் மேல் என்பதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

விடுமுறை முடிந்ததும் ஸ்னேகா முடிவுகளைத் தொகுத்தாள். எண்களெல்லாம் மறைக்கப்பட்டிருந்தன, எது யாருடைய அழைப்பு என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. ஓர் அழைப்பில் நின்றுபோய் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தாள். ரொம்ப நேரம் ஓடியிருக்கிறது, படம் போய்விட்டது, குரல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும்தான் போயிருக்கிறது, மறுபக்கத்திலிருந்து முதல் சில நொடிகளுக்குப் பிறகு எதுவும் வரவில்லை. இதை வெற்றியில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டாள்.

பிரேம்குமார் தேதியையும் நேரத்தையும் பார்த்தான். திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

"கால் கட் ஆகலல்ல?"

"ஆகல சார்."

"அப்ப சேத்துரு."

சேர்த்தாள். கட்டுரை ஏற்கப்பட்டது. குறைபாடுகள் என்ற தலைப்பில் எழுதியிருந்த அந்த ஒரு வரியைப் பக்கம் போதவில்லை என்று அவனே கடைசியில் எடுத்துவிட்டான். பயனாளர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பு வேண்டும் என்று கம்பெனி கேட்டது. பிரேம்குமார் அப்போது கட்டுரை வாசிக்க வெளிநாட்டில் இருந்தான். கம்பெனி ஸ்னேகாவையும் இன்னும் சிலரையும் கார்டன் ரீச்சுக்கு வீடுவீடாக அனுப்பியது. ரயில்வே குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டிவிட்டு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஸ்னேகா கேள்விகளைப் பெங்காலியில் எழுதி எழுதிக் காட்டினாள். அந்தப் பெண் அஷ்டமி சாயங்காலம் நடந்ததைக் கோணல்மாணலாக எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் உள்ளறையில் ஏதோ விழுந்தது தரையில் தெரிந்திருக்க வேண்டும், எழுந்து ஓடிக்கொண்டே அவள் குரல் கொடுத்தாள். "ம்மா." ஸ்னேகாவின் கை நின்றுவிட்டது. அஷ்டமியன்று ஆய்வுக்கூடத்தில் கேட்டுச் சிரித்த குரல் அது. நிமிர்ந்து பார்த்தபோது சுவரில் பட்டமளிப்பு அங்கியோடு பிரேம்குமார் இருந்தான்.

அவனுக்குப் போன் வந்தபோது அந்த ஊரில் விடிந்துகொண்டிருந்தது.

"சார், உங்க அக்கா முன்னாடி உக்காந்துண்டிருக்கேன்," என்றாள் ஸ்னேகா. "ராங் நம்பர்னு சொன்னேளே, அத எப்படி எழுதிக் காட்டறதுன்னு தெரியல. ஆனா எழுதிட்டேன்."

அவன் ஊர் திரும்பிய அன்று நேராகக் கார்டன் ரீச்சுக்குப் போனான். என்ன சொல்ல வேண்டும் என்று விமானப் பயணம் முழுக்கக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்திருந்தான். பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை விசித்திரமாகப் பார்த்தார். கதவு திறந்தேயிருந்தது. நாகரத்தினத்தைக் கட்டிலில் தலையணைகளால் முட்டுக்கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அவனைப் பார்த்ததும் அவள் இடது கை எழுந்து காற்றில் எதையோ தேடியது. ஒரு சைகையும் உருவாகவில்லை, திரும்பப் படுக்கையில் விழுந்தது. கல்பனா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் வலது கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கை மூடிய முஷ்டியாக இறுகிப்போயிருந்தது. விரல்களைப் பிரித்துப் பிரித்து நீட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நகம் உள்ளங்கையைக் கிழித்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அவன் அவள் முன்னால் போய் நின்று கைகளை உயர்த்தினான். அக்கா என்று ஆரம்பித்தான். அன்றைக்கு நான், என்றான். அவள் கண் அவன் கைகளின் மேலேயே இருந்தது. முகத்தில் கோபமோ அழுகையோ எதுவும் இல்லை. வாக்கியம் முடியும்வரை அவள் காத்திருக்கவில்லை. எழுந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு அவனுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பற்றிக் கீழே இறக்கி, ஸ்டூலில் உட்காரவைத்தாள். அம்மாவின் வலது கையைத் தூக்கி அவன் கைகளுக்குள் வைத்தாள். பெருவிரலை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஒருமுறை செய்து காட்டினாள். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அந்தக் கை கனமாக இருந்தது. ஒரு கையால் தாங்கி, மறுகையால்தான் விரல்களை நீட்ட முடிந்தது. பெருவிரலை நீட்டினான், ஆட்காட்டி விரலை நீட்டினான். மூன்றாவதுக்குப் போவதற்குள் முதல் விரல் மெல்ல வளைந்து உள்ளங்கைக்குத் திரும்பியது. சமையலறைக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாகரத்தினம் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி பெருவிரலிலிருந்து தொடங்கினான்.