புகார் கவுண்டர் மாப்பிள்ளையின் கார்

என் தங்கை புருஷனுக்கு, மிக்சியும் ஃபேனும் விற்கும் பெரிய கடையில் புகார் கவுண்டர் வேலை. யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்து கத்தினாலும், என்ன ஏதென்று கேட்பதற்கு முன்பே "மன்னிச்சிடுங்க, தப்பு எங்க பேர்லதான்" என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம். வாய் பழகிப்போய், மழை பெய்தால் ஜன்னலைத் திறந்து தெருவில் நனைகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பார். ஒருமுறை பூட்டை உடைக்க முடியாமல் திணறிய திருடனிடம் உள்ளேயிருந்தே மன்னிப்புக் கேட்டார். அவன் வெட்கப்பட்டுப் போய்விட்டான். சந்தேகமிருந்தால் என் தங்கையைக் கேளுங்கள். இப்போது வேண்டாம், அவள் பேசுகிற நிலையில் இல்லை.

ஒருநாள் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தியிருந்தார். செல்போனைப் பார்த்துக்கொண்டே பைக்கில் வந்தவன் பின்னால் மோதி விழுந்தான். கால் முறிந்தது. மாப்பிள்ளை இறங்கி ஓடி, "மன்னிச்சிடுங்க, தப்பு எங்க பேர்லதான்" என்றார்.

பைக்காரன் வலியை மறந்து அண்ணாந்து பார்த்தான். "அப்படியா?" என்றான்.

கூட்டம் அதைப் படம் பிடித்தது. இன்சூரன்ஸ் ஆபீஸ் பெண் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்களைக் கேக்காம நீங்களா தப்பை ஒத்துக்கிட்டா நாங்க பொறுப்பில்ல சார். பாலிசியிலயே இருக்கு. நஷ்ட ஈடு உங்க தலையிலதான்" என்றாள்.

"மன்னிச்சிடுங்க" என்றார் இவர்.

கொடுக்க அவர்களிடம் இருந்தது வீடு ஒன்றுதான். தங்கை தன் நகையெல்லாம் விற்றுக் கட்டியது.

கோர்ட் வராந்தாவில் வக்கீல், பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் போல அவரை ஒப்பிக்க வைத்தார்: "வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. பதட்டத்துல சொல்லிட்டேன். தப்பு என்னுது இல்ல."

"அதை மட்டும் சொல்லிடுங்க, வீடு தப்பிச்சிடும்" என்றாள் தங்கை.

"மேல ஒரு வார்த்தை பேசினீங்க, மாப்பிள்ளை, உங்க காலை நான் உடைப்பேன்" என்றேன் நான்.

கூண்டில் ஏறினார். பைக்காரன் ஊன்றுகோலோடு வந்து ஒரு முனகல் முனகினான். அவ்வளவுதான், மாப்பிள்ளையின் வாய் தானாகத் திறந்துகொண்டது. வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்த அன்று, மாடிப்படி குறுகலாக இருந்ததற்குச் சாமான் தூக்குகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். குழாய் ஒழுகுவதற்கு, வீட்டை வாங்கினவரிடம்.

தங்கை வெறும் கூடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. எனக்கு?"

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. சுவரில் காலண்டர் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"மன்னிச்சிடுங்க, இதோ வந்துட்டோம்" என்று ஓடினார்.